பன்னிரண்டு ஆழாக்கு

தண்ணீர் வந்துவிட்டது. குழாய் முதலில் இருமும், பிறகு செம்மண் நிறத்தில் ஒரு மடக்குத் துப்பும், அதன்பின்தான் காவிரி. மேலப்புதூரின் இந்தச் சந்துக்கு நான் குடிவந்த முப்பத்தோரு ஆண்டுகளில் இந்த வரிசை மாறியதில்லை. மணி ஆறு ஐம்பது. ஏழரைக்கு நின்றுவிடும். எட்டுக்கு மொழிபெயர்ப்புக் குழுவிலிருந்து எட்வின் தவமணி தொலைபேசியில் அழைப்பார், நான் என் முடிவைச் சொல்லவேண்டும், முடிவோ நேற்று மாலையே எழுதப்பட்டு, நான்காக மடிக்கப்பட்டு, சமையல் மேடையில் முட்டைத் தட்டுக்கு அடியில் இருக்கிறது. வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவின் செயலாளர் அவர்களுக்கு, புதிய பதிப்பின் பின்னிணைப்பாகிய அளவைகள் அட்டவணையை இனி வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு, சாந்தசீலி. காரணம் எழுதவில்லை. காரணம் ஒரே ஒரு எண். முதல் குடத்தை வைக்கிறேன். நெகிழிக் குடம், பச்சை நிறம், விளிம்புவரை பதினைந்து லிட்டர் கொள்ளும், கழுத்துவரை பதினான்கு. எபிரேயர்களின் பாத் என்னும் அளவு இதில் ஒன்றரைக் குடம் பிடிக்கும், ஏறக்குறைய இருபத்திரண்டு லிட்டர்; ஏறக்குறைய என்ற சொல்லை நான் விரும்புவதில்லை, ஆனால் மண்ணுக்கடியிலிருந்து உடைந்து வந்த சாடிகளை ஒட்டவைத்து அளந்தவர்களுக்கு அதைவிட நேர்மையான சொல் கிடைக்கவில்லை. ஒரு பாத்தில் ஆறு ஹின். ஒரு ஹின்னில் பன்னிரண்டு லோக். ஆக ஒரு பாத்தில் எழுபத்திரண்டு லோக். இருபத்திரண்டை ஆறால் வகுத்தால் மூன்று புள்ளி ஆறு ஏழு, அதுதான் ஹின். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. நான் ஒன்று புள்ளி மூன்று ஐந்து என்று எழுதியிருக்கிறேன்.

எழுதியிருக்கிறேன் என்றால், என் கையால், என் கறுப்பு மையில், என் எழுத்தில். எட்வின் அந்தப் பக்கத்தை ஒளிநகல் எடுத்து, ஹின் என்ற வரிசைக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். அவருடைய பணிவு அந்தக் கேள்விக்குறியின் அளவிலேயே தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டு கல்லூரியில் வேதியியல் நடத்தியவளின் விடைத்தாளில் குறிபோட அவருக்குக் கூச்சம். லோக் சரி, பாத் சரி, பத்து பாத் கொண்ட கோர் சரி, நடுவில் ஹின் மட்டும் வேறெங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது, கலியாணப் பந்தியில் யாருக்கும் உறவில்லாத ஒருவர் இலை முன் உட்கார்ந்திருப்பதைப்போல. இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளாக அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ யார், எங்கிருந்து வந்தாய். லோக்கால் வகுத்துப் பார்த்தேன், நான்கு புள்ளி நான்கு, அர்த்தமில்லை. பாத்தை அதனால் வகுத்தேன், பதினாறு சொச்சம், அர்த்தமில்லை. எகிப்தியருக்கும் ஹின் என்ற பெயரில் ஓர் அளவு உண்டு, அது அரை லிட்டர்கூட வராது. ரோமர் காலத்து ஏடுகளை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் பாத்தை நாற்பது லிட்டர்வரை கொண்டுபோவார்கள், அப்போதும் ஹின் ஆறரைக்கு ஏறுமே ஒழிய ஒன்றரைக்குக் கீழே இறங்காது. பிழை என்றால் அதற்கு ஒரு வழித்தடம் இருக்கும். மாணவிகளிடம் நான் அதைத்தான் சொல்லுவேன், விடை தவறினால் குற்றமில்லை, எங்கே தவறியது என்று காட்டத் தெரியாவிட்டால்தான் குற்றம். இப்போது என்னால் காட்ட முடியவில்லை. வழித்தடம் இல்லாத பிழை. குடம் நிறைந்துவிட்டது, நகர்த்து, அடுத்தது சிவப்பு.

அக்காவுக்கும் ஓர் எண்ணில்தான் தொடங்கியது. ஞானசௌந்தரி, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள், கடைசி நான்கு ஆண்டுகள் இந்த வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் அஞ்சலகத்தில் படிவம் நிரப்பும்போது முகவரியில் கதவு எண் பதினேழு என்று எழுதினாள். இருபத்துநான்கு அக்கா, என்றேன். அடித்துவிட்டு, மறுபடி பதினேழு. மறுமாதமும் பதினேழு. நான் மென்மையாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கேட்பதற்குக் குடங்கள்தாம் இருக்கின்றன: நான் அவளை ஒரு தாளில் இருபத்துநான்கு, இருபத்துநான்கு என்று பத்துமுறை எழுதவைத்தேன். அவளும் எழுதினாள், சாய்வில்லாத தலைமையாசிரியைக் கையெழுத்தில், தலை குனிந்து, ஆறு வயது இளையவளின் முன்னால். அந்தத் தாள் இன்னும் எங்கோ இருக்கிறது. பிறகு மருந்து வேளைகள் போயின, பிறகு என் பெயர், பிறகு உப்பு எது சர்க்கரை எது என்பது. அவள் போய் மூன்று ஆண்டுகளாகின்றன. எட்வினின் கேள்விக்குறியைப் பார்த்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஹின் அல்ல, பதினேழு. ஆகவேதான் கடிதம். மூளை தளர்வதை மற்றவர்கள் கண்டுபிடித்து, கூச்சத்தோடு பென்சிலால் குறிபோட்டு, ஒருநாள் பென்சிலும் போடாமல் தமக்குள் பேசித் திருத்திக்கொள்வதற்கு முன், நானே எழுந்துவிடுவது முறை. இன்னும் நாற்பது வரிசைகள் இருக்கின்றன, எடைகள், நீளங்கள், தானிய அளவுகள். ஒவ்வொன்றிலும் நான் எந்த எண்ணை எங்கிருந்து கொண்டுவந்து வைப்பேன் என்று எனக்கே தெரியாதபோது, படிக்கிறவர் எப்படி என்னை நம்புவார்?

ஆனால் நேற்று முட்டைகள் சரியாக வந்தன. அதை நான் மறக்கக்கூடாது. எபிரேயப் பெரியவர்கள் லோக் என்பதை ஆறு முட்டைகளின் பருமன் என்று குறித்துவைத்திருக்கிறார்கள். அறுபது வயதில் எபிரேயம் கற்கத் தொடங்கியபோது அந்த வரியில்தான் எனக்கு அந்த மொழியின்மேல் பிரியம் வந்தது. கோயிலுக்கும் காணிக்கைக்கும் இவ்வளவு சட்டம் எழுதியவர்கள், அளவு கேட்டால் கோழியைக் காட்டுகிறார்கள். நேற்று மதியம் ஒரு சட்டியை விளிம்புவரை நிரப்பி, தாம்பாளத்தில் வைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாக நூலில் கட்டி இறக்கினேன், வழிந்த நீரைக் கல்லூரியிலிருந்து விடைபெறும்போது தந்த அளவுக்குவளையில் ஊற்றினேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு மில்லி. அட்டவணைப்படி முந்நூற்றாறு இருக்கவேண்டும். எட்டு மில்லி குறை, அது என் குறையன்று, கோழியின் குறை. நான் சமையலறையில் தனியே நின்று சிரித்தேன். தளர்ந்த மூளை இதைச் செய்யுமா? செய்யும், அக்கா கடைசிவரை பாமாலைகளைச் சரணம் பிசகாமல் பாடினாள். இப்படித்தான், ஒரு நம்பிக்கையை எடுத்து வைத்தவுடன் அதன் காலை இன்னொன்று தட்டிவிடுகிறது. சிவப்பும் நிறைந்தது. இப்போது பெரிய அண்டா, நாற்பத்துநான்கு லிட்டர், இரண்டு பாத். நிறைவதற்குப் பத்து நிமிடமாவது ஆகும்.

"டீச்சரம்மா! அண்டா வச்சாச்சா? உங்க முறை முடிஞ்சாதானே நான் மோட்டார் போட முடியும்!"

மாடியில் பல்கீஸ். கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து, முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் கயிற்றுக் கூடை. பன்னிரண்டு ஆண்டுகளாக மேல்வீட்டில் இருக்கிறாள், நான் பேராசிரியையாக ஓய்வுபெற்றதை ஒரு நாளும் பொருட்படுத்தியதில்லை. அவளுக்கு நான் டீச்சரம்மாதான்.

"இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்," என்றேன்.

"நோன்பு வாயோட இருக்கேன், என்னைய கத்த வைக்காதீங்க. அப்புறம், உங்ககிட்ட படி இருக்குமா? எங்க படிய மருமக காரைக்காலுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இன்னைக்கு பள்ளிவாசல் கஞ்சிக்கு எங்க வீட்டு அரிசி. அளந்து கொடுக்கணும்."

"கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடேன்."

"நல்லா இருக்கே! எங்க கஞ்சிப் பானைக்கு கிலோ தெரியாது டீச்சரம்மா. பத்து படின்னா பத்து படி. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எல்லாம் கண்ணாடிக் குழாய்ல கோடு போட்டு வச்சிருக்கும். படி இருக்கா, இல்லையா?"

இருக்கிறது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில், மேல் தட்டில், அம்மாவின் பித்தளைப் படி. அதில் நான் அரிசி அளப்பதில்லை, ஆனால் அதை வெறுமையாகவும் வைப்பதில்லை. அடியில் ஒரு பிடி அரிசி எப்போதும் கிடக்கும், படி வெறிச்சென்று இருக்கக்கூடாது, கவிழ்ந்தும் இருக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம், அதற்கு வேதியியலில் ஆதாரம் இல்லை, நான் கேட்டதும் இல்லை. முக்காலி போட்டு ஏறாதே என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏறினேன். பித்தளை குளிர்ந்திருந்தது, கனமாக இருந்தது, விளிம்பில் அந்த ஒரு நெளிவு, நான் ஏழு வயதில் கிணற்றடியில் போட்டது. பிடி அரிசியைக் கிண்ணத்தில் கொட்டினேன். அம்மா அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொன்னதில்லை. லாபம் என்பாள், பிறகுதான் இரண்டு, மூன்று. லாபம் என்று தொடங்கிவிட்டு இடையில் யாராவது பேச்சுக்கொடுத்தால் எல்லாவற்றையும் பானையில் திரும்பக் கொட்டிவிட்டு மறுபடி லாபம் என்று தொடங்குவாள். நானும் சோதனைச்சாலையில் அப்படித்தான் இருந்தேன், மாணவிகள் பின்னால் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். தூசியாக இருந்தது, இப்படியே அனுப்ப முடியாது, ஈரத்துணியால் சுற்றித் துடைத்தேன். அடிப்புறமும் துடைக்கவேண்டும். கவிழ்த்தேன். அம்மா மன்னிக்கட்டும், துடைப்பதற்குத்தான்.

அடியில் ஏதோ கீறியிருந்தது. துணியால் அழுத்தித் தேய்த்தேன், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினேன், முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கவராய முள்ளால், கோணலாக, மிகச் சிறிய எழுத்தில்: 1.35 லி.

நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது என் கையெழுத்து, ஐந்தின் தொப்பியை நான் அப்போதிலிருந்தே தனியாகத்தான் போடுவேன். பத்தொன்பது வயது, கல்லூரியில் சேர்ந்து மூன்றாவது மாதம், படியும் மரக்காலும் போய் லிட்டர் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன, கடைக்காரர்கள் இன்னும் முறைத்துக்கொண்டுதான் லிட்டரைத் தொட்டார்கள். நம் படி எத்தனை லிட்டர் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது, ஊருக்கு ஊர் படி வேறு என்பார்கள், நம் வீட்டுப் படி எத்தனை. பையில் ஒளித்துச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய், தலைதட்டி நீர் நிரப்பி, ஐம்பது ஐம்பது மில்லியாக அளந்தேன், இருபத்தேழு முறை, ஒருமுறைகூடத் தவறவில்லை, மூன்று தடவை திரும்பச் செய்தேன். என் வாழ்நாளில் நானாக, யாரும் சொல்லாமல், அளந்த முதல் அளவு. வீட்டுக்கு வந்து அடியில் கீறிவைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். "அரிசிக்குத் தெரியும்டி அதோட அளவு, உன் ஊசி வந்துதான் சொல்லணுமா? பித்தளையப் புண்ணாக்கி வச்சிருக்கே!" அன்று இரவு உணவின்போது அக்காதான் எனக்காகப் பேசினாள். "விடுங்கம்மா, இந்த வீட்ல எல்லாரும் திங்கிறோம், ஒருத்தியாவது அளக்கட்டும்." அக்கா. அதை நான் மறந்திருந்தேன், எண்ணை மறக்கவில்லை, அதைக் காப்பாற்றியவளை மறந்திருந்தேன்.

இப்போது வழித்தடம் தெரிகிறது, கோடு போட்டதைப்போல. எபிரேயம் தமிழுக்கு வந்த பழைய நாளில், மொழிபெயர்த்தவர்கள் ஹின் என்பதற்குத் தமிழ் வீடுகளில் இருந்த அளவையே இட்டார்கள், படி என்று. லோக் என்பதற்கு ஆழாக்கு. அந்த வரிசையை எழுதும்போது என் இடப்பக்கம் எபிரேயம் இருந்தது, வலப்பக்கம் பழைய தமிழ் இருந்தது; கண் படி என்பதைத் தொட்டது, கை தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டது. அளவு சரி. பாத்திரம் வேறு. அது மட்டுமா? எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது தமிழ்நாட்டில் அடுப்பருகே வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அந்த மொழிபெயர்ப்பின் கணக்குப்படி பன்னிரண்டு ஆழாக்கு ஒரு படி, ஏனென்றால் பன்னிரண்டு லோக் ஒரு ஹின். எட்டோடு வளர்ந்தவர்களிடம் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டு, யாரும் ஒரு குறிப்பும் எழுதவில்லை. காற்படி எண்ணெய் என்று படிக்கிறவர் தம் வீட்டுக் காற்படியைத்தான் நினைப்பார், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் நினைப்பார். நான் செய்த பிழையை இருநூறு ஆண்டுகளாக எத்தனை பேர் செய்திருப்பார்கள், எழுதாமல், மனத்துக்குள், எட்வினின் பென்சில் எட்டாத இடத்தில். இது மூளையின் ஓட்டையில் விழுந்த எண் அன்று, மூளையின் அடித்தளத்தில் கிடந்த எண். ஆனால் உடனே மகிழ்ந்துவிடாதே, சாந்தசீலி. ஒரு பிழைக்கு முகவரி கிடைத்ததால் எல்லாம் நலம் என்று ஆகிவிடாது. இருபது வயதில் நீ இதை எழுதியிருக்கமாட்டாய், எழுதியிருந்தாலும் மறுநாள் கண்டுபிடித்திருப்பாய், ஒன்பது நாள் ஆகியிருக்காது. அதையும் அளந்துதான் பார்க்கவேண்டும். திங்கட்கிழமை நரம்பியல் மருத்துவரிடம் போவேன், அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வேன். ஆனால் பதினேழு? பதினேழு எங்கே இருந்தது? விடுதி அறையா, நான் பிறப்பதற்கு முன் அம்மாவும் அக்காவும் குடியிருந்த பாலக்கரை வீடா, அவள் முதன்முதல் பாடம் நடத்திய வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையா? ஏதோ ஒரு கதவில் அந்த எண் இருந்திருக்கிறது, அக்கா அந்தக் கதவுள்ள வீட்டுக்குப் போக முயன்றுகொண்டிருந்தாள், நான் அவளை இருபத்துநான்கு என்று பத்துமுறை எழுதவைத்தேன். எங்கே அக்கா அந்தப் பதினேழு என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். ஒரே ஒருமுறை. அவ்வளவு பெரிய வினா அன்று அது.

"டீச்சரம்மா! அய்யோ, தண்ணி! தண்ணி வழியுது பாருங்க, சந்தெல்லாம் ஓடுது! நல்லா நின்னு படியப் பாக்குறாங்க பாரு!"

அண்டா வழிந்து, முற்றம் நிறைந்து, என் பாதங்கள் நனைந்திருந்தன. குழாயை மூடினேன். ஒன்பது நாளாக நான் அஞ்சிக்கொண்டிருந்தது இதைத்தான், அடுப்பை மறப்பேன், குழாயை மறப்பேன் என்று. மறந்துவிட்டேன், இதோ, ஏறக்குறைய ஒரு பாத் வீணாய்ப் போயிற்று, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என்ன சிரிப்பு? காசில்லாத தண்ணின்னா இப்படியா?" பல்கீஸும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கூடை இறங்கியது. படியை அதில் வைத்தேன்.

"கவிழ்த்து வைக்காதே," என்றேன். "அடியில் ஓர் எண் இருக்கிறது, அதைத் தேய்த்துவிடவும் கூடாது. மாலையே எனக்குத் திருப்பித் தா."

"கஞ்சியோட தரேன், போதுமா?" கூடை ஏறியது.

எட்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. எட்வின் எப்போதும் முன்னதாகவே அழைப்பார், நேரம் தவறுவதைவிட முந்துவது மேல் என்று நினைக்கும் மனிதர்.

"ஸ்தோத்திரம் மேடம். நான் ஒண்ணும் அவசரப்படுத்தல. அந்த ஒரு வரியை நானே மாத்திடலாம்னு குழுவில சொன்னாங்க. நீங்க ஓய்வு எடுத்துக்கணும்னா..."

"அது என் தாயாரின் அரிசிப் படி," என்றேன்.

"என்ன மேடம்?"

சொன்னேன், முழுவதும், வரிசையாக, இடப்பக்கம் எது வலப்பக்கம் எது என்பதுவரை.

"மேடம், ஒண்ணு சொல்றேன், நீங்க யாருகிட்டயும் சொல்லக்கூடாது. பன்னிரண்டு வருஷமா நான் பிரசங்கம் பண்றேன். படி, காற்படின்னு வாசிக்கும்போதெல்லாம் எங்கம்மா அரிசி அளக்கிற தகரப் படியத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அட்டவணையில உங்க வரி இடிச்சதாலதான் நான் கணக்கே போட்டுப் பார்த்தேன்."

"அப்படியானால் எழுதிக்கொள்ளுங்கள்," என்றேன். "ஹின், மூன்று புள்ளி ஆறு ஏழு. அடிக்குறிப்பு: பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் படி எனக் காணப்படுவது இதுவே. இது நம் வீடுகளில் வழங்கிய எட்டு ஆழாக்குப் படி அன்று. பன்னிரண்டு லோக் கொண்டது. முற்றுப்புள்ளி. இன்னொன்று, எட்வின். இனி நான் அனுப்பும் ஒவ்வொரு வரிசையையும் இரண்டாவதாக ஒருவர் சரிபார்க்கவேண்டும். கூச்சப்படாமல். பென்சில் வேண்டாம், சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள், எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை."

"அப்ப மீதி நாற்பது வரியும் நீங்களே..."

"வேறு யார்?" என்றேன், சற்று அதட்டலாகத்தான்.

தொலைபேசியை வைத்துவிட்டு முட்டைத் தட்டை நகர்த்தினேன். கடிதத்தின் மடிப்புகளில் ஈரம் ஏறியிருந்தது, நேற்றைய சோதனையில் சிந்தி மேடையில் தேங்கியிருந்த நீர். அதைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் நல்ல வெள்ளைத்தாள், அட்டவணையை மறுபடி முதலிலிருந்து பார்க்கப் போதும். மாடியில் மோட்டார் எப்போதோ ஓடி நின்றிருந்தது. இப்போது பித்தளை அரிசிக்குள் இறங்கும் ஓசை, பல ஆண்டுகளாக இந்தப் படியிடமிருந்து நான் கேட்காத ஓசை, தொடர்ந்து பல்கீஸின் குரல், யாருடனும் பேசாமல் தனக்குத்தானே உரக்க: "பரக்கத்து... ரெண்டு... மூணு..." முதல் படியை அவளும் ஒன்று என்று எண்ணுவதில்லை. பேனாவைத் திறந்தேன். முதல் வரிசை, லோக், ஆறு முட்டை, பூச்சியம் புள்ளி மூன்று ஒன்று. விரலை அதன்மேல் வைத்து, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்திருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, லாபம் என்றேன்.